பிரதமன் குடித்த எலிகள்

மூளை ஆராய்ச்சி என்பது, எலி சொல்லாததையெல்லாம் எலி சொன்னதாக எழுதிச் சம்பளம் வாங்கும் தொழில். எலியையோ மேலதிகாரியையோ நம்பிப் பிழைத்த உங்களுக்கு என் பாட்டைத் தனியாக விளக்க வேண்டாம். எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் எனக்கொரு ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுத்தால் எலியின் புத்தி மழுங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை.

மனசு சரியில்லாத எலி

கோட்டைக்குள் நாங்கள் குடியிருந்த அக்ரகாரத்தில் எதிர்வீட்டு மாமி ஒரு நாள் காலை எலிப்பொறியோடு வந்து நின்றாள். உள்ளே ஒரு பெருச்சாளி, கோபத்தோடு. "சார் ஆபீஸுக்குப் போறச்சே இதையும் அழைச்சிண்டு போகட்டுமே, அவருக்கும் ஆகும், எனக்கும் தொல்லை விடும்" என்றாள்.

நான் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் மனைவிதான் வாசலுக்குப் போனாள். "எங்காத்துக்காரர் எலி பிடிக்கறவர் இல்லை மாமி, எலிக்கு மனசு சரியில்லேன்னா பார்க்கறவர்!"

பூனைக்கு வந்த வியாதி

மருந்து குடித்த எலி ஒன்று கூண்டிலிருந்து நழுவி வராந்தாவுக்குப் போய்விட்டது. அங்கே கேன்டீன் பூனை. எலி ஓடவில்லை; பூனைக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாக மீசையைத் துடைத்துக்கொண்டது. பூனை ஓர் அடி பின்வாங்கியது. எலி ஓர் அடி முன்னே வந்தது. அவ்வளவுதான், பூனை மதிலேறிக் குதித்தது. அப்புறம் அதை இருபது மைல் தள்ளி, மலையடிவாரத்து விதுராப் பக்கம் பார்த்ததாகத்தான் கேள்வி. நம்பாதவர்கள் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம்.

கூண்டுகளைப் பராமரித்த வேலப்பன் என் தோளருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "எலிக்குப் பயம் போச்சுன்னா அது பூனைக்குல்லா வந்திருது, சாரே!"

திருவோணத்தன்று பட்டினி

அந்த வருஷத்தோடு எங்கள் திட்டம் முடிகிறது. நீட்டிப்பதா, மூடுவதா என்று தீர்மானிக்க டில்லியிலிருந்து ஒரு கமிட்டி வருகிறது. மூடினால் எனக்கும் வேலப்பனுக்கும் வேலை இல்லை. பக்கத்து எக்ஸ்ரே பிரிவுக்காரர் இப்போதே டேப்போடு வந்து என் அறையை அளந்துவிட்டுப் போயிருந்தார். டில்லிக்காரர்களுக்கு ஓணம் தெரியுமா? திருவோணத்துக்கு மறுநாளாகப் பார்த்துத் தேதி வைத்திருந்தார்கள்.

கமிட்டிக்குக் காட்ட வேண்டிய சோதனை இதுதான்: மரப்பலகையால் கட்டிய சந்துகளில் எலி வளைந்து வளைந்து ஓடி, கடைசியில் இருக்கும் தீனியைக் கண்டுபிடிக்க வேண்டும். பசித்தால்தான் ஓடும். ஆகவே முதல் நாள் முழுப் பட்டினி. "ஒரு பருக்கை கூடாது" என்று வேலப்பனிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், ஒவ்வொரு கூண்டிலும் ஒரு துண்டு வாழையிலை! பப்படத் தூள், எரிசேரி, வெல்லம் புரட்டிய சர்க்கரை வரட்டி, அடப் பிரதமன் பாயசம் ஒழுகிய தடம். எலிகள் மல்லாந்து கிடந்தன. நான் கத்தினேன். வேலப்பன் அசையவில்லை. "திருவோணத்தன்னைக்கு எங்க வீட்டுல எறும்புக்குக்கூட ஒரு பங்கு உண்டு சாரே. நம்ம காவல்ல இருக்கிற ஜீவனைப் பட்டினி போட முடியுமா? பிரதமன் கொஞ்சம் கூடிப்போச்சு, அது சத்தியம்!"

கண் கொட்டாமல்

கமிட்டியைக் குளிர்விக்க எங்கள் டைரக்டர் பகல் சாப்பாட்டை ஓண விருந்தாகவே போட்டிருந்தார். மூன்று பேரும் கைகழுவி, மெதுவாக நடந்து, என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். மருந்து குடித்த எலியை விட்டேன். அது முதல் திருப்பத்தில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டது. மருந்தே குடிக்காத எலியை விட்டேன். அது முதல் எலியைத் தலையணையாக வைத்துக்கொண்டது. வாசலில் எக்ஸ்ரேக்காரர் டேப்போடு புன்னகைத்தார். என் கதை முடிந்தது என்று திரும்பினேன்.

கமிட்டித் தலைவரின் வாய் திறந்திருந்தது. பேச அல்ல. மற்ற இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, சுருதி பிசகாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று டிரைவர் ஹாரன் அடித்தபோதுதான் தலைவர் திடுக்கிட்டு எழுந்தார். டையைச் சரிசெய்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கண் கொட்டாமல் பார்த்தோம், பரம திருப்தி, இன்னும் மூன்று வருஷம் நடத்துங்கள்!"

வாழ்நாளெல்லாம் மூளையைத் துருவிப் பார்த்த வகையில் சொல்கிறேன், உச்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் அது வயிற்றிடம் உத்தரவு வாங்குகிற குமாஸ்தாதான்.