கல்யாணச் சத்திரத்தில் எட்டாம் வகுப்பு

அந்தச் சத்திரத்தை இடித்தபோது தெருவே மூக்கைச் சிந்தியது. எனக்கு வயிறு குளிர்ந்தது. இதைச் சொன்னால் கல்நெஞ்சக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெருமாள் கோயில் திருவிழாவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் தங்குவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவைத்த இடம் அது. பஸ் வசதி வந்த பிறகு ஜனங்கள் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பினார்கள்; சத்திரத்தில் வௌவால்தான் குடியிருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள், எட்டாவது வரைக்கும். இடம் கொடுத்த தர்மகர்த்தாவை ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

கொஞ்ச நாளில் மனிதர் கல்யாண வாடகையில் ருசி கண்டுவிட்டார். முகூர்த்தம் என்றால் எங்களுக்கு விடுமுறை. முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் தாலிகட்டு, அதற்கடுத்த நாள் கழுவிவிட. ஆவணியிலும் ஐப்பசியிலும் பள்ளிக்கூடம் போன ஞாபகமே எனக்கில்லை. கல்யாணம் கூடாத ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும்தான் பாடம் நடந்தது. நல்ல மாதம் பிறந்துவிட்டது என்று ஊர் சிரிக்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். சாம்பார் சிந்திப் பிசுபிசுத்த தரையில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டவள் நான். கணக்கு எனக்கு நன்றாக வந்தது. எட்டாவது தேறிவிட்டால் டீச்சர் டிரெயினிங் போகலாம் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். ராப்பகலாக எனக்கு அதே நினைப்பு.

நான் எட்டாவது படித்த வருஷம், தை பிறந்ததும் தர்மகர்த்தா பள்ளிக்கூடத்தையே காலி பண்ணச் சொல்லிவிட்டார். டீச்சர் எங்களையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினார்.

"பரீட்சை வரைக்கும் விடுங்கய்யா. புள்ளைங்க படிச்சிக்கினு இருக்குதுங்க."

"பொட்டப்புள்ளைங்க எழுதி கலெக்டராவா ஆவப் போவுது? உங்களுக்காக முகூர்த்தம் நிக்குமா டீச்சர்?"

அடுத்த பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில், பெரிய காஞ்சிபுரத்தில் இருந்தது. வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப அப்பா சம்மதிக்கவில்லை. ஜரிகைக் கடையில் வேலை பார்த்த அவருக்கு ஊர் வாய்க்குப் பயம். சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மாப்பிள்ளை பார்த்தார்கள். நான் உட்கார்ந்து படித்த அதே கூடத்தில் எனக்குத் தாலி ஏறியது. முன்வரிசையிலிருந்து அட்சதை போட்ட தர்மகர்த்தாவை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

பிறகு ஊரில் புதுக் கல்யாண மண்டபங்கள் வந்தன. சத்திரத்தைச் சீண்ட ஆளில்லை. பட்டுக் கடைக்காரர் ஒருவர் கிடங்காக வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசியில் அவருக்கே கைமாறி, கடை கட்டுவதற்காக இடித்தார்கள். தர்மத்துக்கு எழுதிவைத்த இடத்தை எப்படி விற்றீர்கள் என்று தர்மகர்த்தாவை ஒருத்தரும் கேட்கவில்லை. மூக்கைச் சிந்தத்தான் தெரிந்தது.

நானும் பார்க்கப் போயிருந்தேன். கிழவராகிவிட்ட தர்மகர்த்தா குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"உன் கல்யாணம் இங்கதானம்மா நடந்துது? ஞாபகத்துக்குக் கதவு, ஜன்னல், எது வேணுமோ எடுத்துக்கினு போமா."

"நான் இங்க படிச்சவங்க," என்றேன்.

"படிச்சியா? இங்க ஏதும்மா பள்ளிக்கூடம்?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எது வேணுமோ எடுத்துக்கொள் என்றாரே. குனிந்து, இடிந்த சுவரிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினேன். அவர் கண்ணெதிரே வாரித் தூற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.