ஆரஞ்சு நிறத்துக் காய்ச்சல்

காய்ச்சல் எங்கெங்கே பரவுகிறது என்று கண்காணிக்கும் ஒரு இணையதளத்தில் நானும் எதிர்வீட்டு நண்பனும் தன்னார்வலர்களாகச் சேர்ந்திருந்தோம். திங்கட்கிழமைதோறும் போனில் கேள்வி வரும்: காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா? ஒரு வாரம்கூடத் தவறாமல் 'ஒன்றுமில்லை' என்று போட்டவன் நான். ஒரு நாதியும் என்னைச் சீந்தவில்லை.

அவனுக்குக் காய்ச்சல் வந்தது. திருவொற்றியூரில் எங்களைத் தவிர யாரும் சேரவில்லை போலும். அவன் ஒருத்தன் பதிலுக்கே வரைபடத்தில் எங்கள் பகுதி பச்சையிலிருந்து ஆரஞ்சாகிவிட்டது.

"பாத்தியா மாமு, ஏரியா கலரையே மாத்திட்டேன்" என்று படுத்தபடியே காட்டினான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவி காசிமேடு மீன் சந்தையில் நண்டு வாங்கி, இடித்து, மிளகு தூக்கலாக ரசம் வைத்து, என் மூக்குக்கு முன்னாலேயே எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஒரு கரண்டி கேட்டேன்.

"உனுக்கு இன்னா கேடு? நல்லாத்தான கீற. அண்ணனுக்குத்தான் ஒடம்பு முடில."

அந்த வாரம் முழுக்க ஆரோக்கியமாக இருப்பதே அவமானமாக இருந்தது.

அடுத்த திங்கள் காலை தொண்டை கரகரத்தது, கண் எரிந்தது, இருமல் நிற்கவில்லை. முதலில் சந்தோஷம். பிறகு உதறல். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் அளக்கும் கருவியை விரலில் மாட்டினேன். எண்ணே வரவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று தோன்றவில்லை. நான்தான் தீர்ந்துவிட்டேன் என்று நினைத்து, மனைவியிடம் பீரோ சாவி இருக்குமிடத்தைச் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குக் கிளம்பினாள். நான் எல்லா அறிகுறிகளையும் தட்டி அனுப்பினேன். வரைபடம் சிவந்தது. அவனால் ஆரஞ்சுதான் முடிந்தது.

அவனுக்குக் காட்டலாமென்று தெருவுக்கு வந்தால், தெருவே இருமிக்கொண்டிருந்தது. பால் பாக்கெட் போடுகிறவர், இட்லிக் கடை அம்மா, எல்லாரும்.

நண்பன் மூக்கில் துண்டோடு நின்றான். "ஃப்ளூவா? காத்து மணலி ரிஃபைனரி பக்கத்துலேர்ந்து அடிக்குது மாமு. கேஸ் நாத்தம் தெர்ல உனுக்கு?"

இங்கேயே பிறந்து வளர்ந்த மூக்கு. பொறாமையில் அடைத்திருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்து பதிலைத் திருத்தினேன். பகுதி மறுபடி பச்சையானபோது மனைவி நண்டுப் பையோடு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அவன் விஷயத்தைச் சொன்னான்.

"அப்ப இத்த இன்னா பண்றது?" என்றவள் அவனைப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்கு இருமல் வுட்ருச்சா?"

அவன் இருமினான். அதே மணலிக் காற்று இருமல்தான்.