வெஸ்ட்லிக் கிளையின் பதினொரு கதிரைகள்

2024 செப்டெம்பர் 14, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து கேத்தலைப் போட்டேன். எழுந்தவுடன் கேத்தல், மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. மகள் பிறந்த காலத்திலிருந்து இந்த ஒழுங்கு மாறியதில்லை. தேத்தண்ணீர் குடித்து, ஜன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, அடுத்த கிழமை வேலைக்குப் போடும் சட்டைகளை ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கி அலுமாரியில் தொங்கவிட்டேன். பிறகு மகளின் அறையைக் கூட்டினேன். அவள் ஓகஸ்டில் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போய்விட்டாள். கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

போகும்போது அவள் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: "அம்மா, ஆரோடையாவது போய்க் கதையுங்கோ. சுவரோடை கதைக்கிற வயசு உங்களுக்கு இன்னும் வரேல்லை." அதனால்தான் ஐம்பது கடந்த பிறகு ஒரு பெண்கள் சங்கத்தில் சேரப் புறப்பட்டேன்.

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ப் பெண்கள் சங்கத்துக்குப் பல கிளைகள். இலையுதிர் காலம் தொடங்கும்போது ஒவ்வொரு கிளையும் ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்து வைக்கும். சேர விரும்புகிறவர்கள் போய்ப் பார்த்துவிட்டு, எந்தக் கிளை என்று சங்கச் செயலாளருக்கு அறிவிக்க வேண்டும். அந்த வருடம் கடைசி நாள் ஞாயிறு, அதாவது மறுநாள். எட்டுப் பேர் இல்லாத கிளையை அதன் பிறகு பெரிய கிளையோடு சேர்த்துவிடுவார்கள். இந்த விதி எல்லோருக்கும் தெரியும்.

பெரிய கிளையை முந்தின கிழமையே பார்த்துவிட்டேன். எல்லோரும் ஒரே நிறச் சேலை. வாசலில் என் பெயர் அட்டை தயாராக இருந்தது. "உங்களுக்கு என்ன வரும், பாட்டோ சமையலோ?" என்று கேட்டார்கள். "சாமான்களை ஒழுங்காக அடுக்குவேன்" என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்கள். சொன்ன நேரத்துக்குத் தொடங்கி சொன்ன நேரத்துக்கு முடித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

நான் இருப்பது ரொம்மனில். அன்றைக்கு வெஸ்ட்லிக் கிளையின் முறை. வெஸ்ட்லி அங்கிருந்து இரண்டு தரிப்பிடம், ரயில் அதற்கு மேல் போகாது. கிளையின் இடம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறை. உள்ளே வட்டமாகப் பதினொரு கதிரை, ஒன்றுகூட வெறுமையாக இல்லை. எனக்காகப் பன்னிரண்டாவது ஒன்றை இழுத்துப் போட்டார்கள். மேசையில் எங்கள் ஊர் ரோல்ஸ், பற்றிஸ், சுடச்சுட வாஃபல், அதற்கு நோர்வேயின் மண்ணிறச் சீஸ்.

கதிரையில் இருந்தபடியே வாஃபல் சுட்டுக்கொண்டிருந்தவள் தமிழ்நாட்டுப் பெண், வயதில் எல்லோருக்கும் இளையவள். "ஏலக்காய் போடலைன்னா அது வாஃபலே இல்லைங்க" என்றாள்.

"அப்ப ரோல்ஸுக்கும் போடுங்கோவன்" என்றார் கிளைத் தலைவி, மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர்.

"போட்டா நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்க. நீங்க போடுற மிளகாய்ல ஏலக்காய் எங்க தெரியும்?"

அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஏலக்காய்தான். நானும் இரண்டு வார்த்தை சொன்னேன். பக்கத்தில் நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் மட்டும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி எடுக்கப் போனவள் மூன்று லாச்சியை இழுத்துத் திறந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். எனக்கு அது ஒரு மாதிரியாகத்தான் பட்டது. ஒழுங்கில்லாத இடம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கோப்பைகளை எடுக்க எழும்பினேன். "நீங்கள் இருங்கோ" என்று நாலு பக்கமும் சத்தம் வந்தது. இரண்டாம் தரமும் அதுவே. கடைசியில் தலைவியிடம் நேரே கேட்டேன்: "புது ஆக்கள் தேவையோ அக்கா?"

"தேவை எண்டில்லை" என்றார் அவர், சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி. "வந்தால் சந்தோசம்."

பதினொரு பேர் இருக்கிறார்கள், ஒரு கோப்பையைக்கூடத் தொட விடவில்லை, தேவையும் இல்லையாம். படியேறும்போதே பெரிய கிளை என்று முடிவு செய்துவிட்டேன். மனது மட்டும் கொஞ்சம் சுருங்கிப்போயிருந்தது.

ரயிலில் நீலச் சட்டைக்காரி ஒரு பயணப் பையோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"கனகாலமா இந்தக் கிளையிலை இருக்கிறீங்களோ?" என்று கேட்டேன்.

"நானோ? நான் துரொண்ட்ஹெய்ம். மச்சாளைப் பாக்க வந்தனான். தலைவி எண்டு இருக்கிறாவே, அவதான் என்ரை மச்சாள். 'வந்து ஒரு கதிரையிலை இரு, வாயைத் திறக்காதை' எண்டவ. வாயைத் திறக்காமல் எப்பிடி ரோல்ஸ் சாப்பிடுறது?"

ரொம்மன் வந்தது. நான் எழும்பவில்லை.

"அப்ப மற்ற ஆக்கள்?"

"ஏழு பேர் சொந்தம். நாலு பேர் இரவல். ஒண்டு பக்கத்து வீட்டு மருமகள். வெறுங் கதிரையைக் கண்டால் ஆர் அக்கா சேருவினம்? நாளைக்கு ஒராள் எண்டாலும் வராட்டில் கிளை இல்லை. மச்சாளுக்கு ரெண்டு நாளா நித்திரை இல்லை." பிறகு என்னைப் பார்த்தாள். "ஐயோ, நீங்கள்தானே அந்த ஆள்."

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி எதிர்ப் பக்க ரயிலுக்குக் காத்து நின்றேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டது அந்தப் பாதையில் அதுதான் முதல் தடவை. பாவம் பார்த்துத் திரும்பினேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. தலைவிக்கு ஏலக்காய் விஷயத்தில் சொல்ல வேண்டிய பதில் ஒன்று அப்போதுதான் எனக்கு வந்திருந்தது. பெரிய கிளையிலிருந்து திரும்பியபோது யாருக்கும் எந்தப் பதிலும் எனக்கு வரவில்லை.

நிலக்கீழ் அறையில் நாலு கதிரைகளை மடித்துச் சுவரில் சாத்தியிருந்தார்கள். ஏழு பேரும் கோப்பை கழுவும் தொட்டியடியில் நின்றார்கள்.

"என்ன, குடையை விட்டிட்டுப் போனீங்களோ?" என்றார் தலைவி.

"இல்லை அக்கா. உங்கடை மச்சாளோடை ரயிலிலை கதைச்சனான்."

தண்ணீர்க் குழாயை யாரோ பூட்டினார்கள். தமிழ்நாட்டுப் பெண் மெல்லக் கையை உயர்த்தினாள். "நான் ஒரிஜினல் மெம்பர்ங்க. சத்தியமா."

முதலில் சிரித்தது தலைவிதான். சிரித்து முடிய முகத்தைத் துடைத்தார். "வெக்கமாக் கிடக்கு, பிள்ளை. ஆளில்லாத இடம் எண்டு தெரிஞ்சால் நீங்கள் வரமாட்டீங்கள் எண்டு பயந்திட்டம்."

"ஆள் நிறைஞ்சு கிடக்கெண்டு நான் பெரிய கிளைக்குப் போக இருந்தனான்."

"தேவையில்லை எண்டு சொன்னது ஆர்? இவதானே" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"பின்னை, 'வாங்கோ வாங்கோ' எண்டு கையைப் பிடிச்சு இழுக்கிறதோ?" என்றார் தலைவி. பிறகு என்னிடம் சொன்னார்: "இப்ப ஒண்டும் சொல்ல வேண்டாம். எங்களில இரக்கப்பட்டும் வரவேண்டாம். இரவு நித்திரை கொண்டு காலமை யோசியுங்கோ."

சரி என்றேன். துடைக்கும் துணியை எடுத்தேன். இந்த முறை யாரும் இருக்கச் சொல்லவில்லை. கோப்பைகளைத் துடைத்து, கைப்பிடி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி மேல் தட்டில் அடுக்கினேன். தலைவி வந்து பார்த்தார்.

"இது என்ன, பள்ளிக்கூட வரிசையோ?"

"ஏலக்காய் போட்ட ரோல்ஸைச் சாப்பிடுற ஆக்கள் கோப்பையையாவது ஒழுங்கா எடுக்கட்டும்" என்றேன். தமிழ்நாட்டுப் பெண் கை தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமையும் ஆறு மணிக்கு எழுந்தேன். கேத்தலைப் போட முன்னமே செயலாளருக்கு ஒரு சொல் எழுதி அனுப்பினேன்: வெஸ்ட்லி.