அப்பா பேர் ஒட்டிய டப்பா

என் அப்பாவின் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் வெகுநாள் இருந்தது. அந்தக் காகிதம் கிடைப்பதற்காக உழைத்தவள் நான். அப்போது எனக்கு ஏழு வயது.

அப்பா திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தார். மழையை நம்பிக் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்ட நிலம் அண்ணன் தம்பிகளுக்குப் பிரிந்தபோது, அவர் பங்குக்கு வந்த துண்டில் ஒரு மாடு படுத்தால் வால் அடுத்தவர் நிலத்தில் கிடக்கும் என்று அம்மா சொல்வாள். அவர் பதினாறு வயதில் பஸ் ஏறியவர். கல்யாணம் ஆகி, நான் பிறந்து, பள்ளிக்கூடம் போன பிறகும் மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போகிற ஆளாகவே இருந்தார்.

வருகிறவர் எந்த நிறத்தில் வருகிறார் என்று பார்ப்பதுதான் எனக்கு விளையாட்டு. நகத்தைப் பார்த்தால் போதும், அந்த வாரம் தொட்டியில் என்ன சாயம் ஓடியது என்று சொல்லிவிடுவேன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் படுத்து எழுந்த தலையணையில் லேசாக நிறம் ஊறியிருக்கும். பனியனின் அக்குளிலும் அதே கதைதான். எங்கள் தெருவில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் பெங்களூரில் கட்டிட வேலைக்குப் போய்ச் சிமெண்டுக் கையோடு வந்தார்கள். என் அப்பா மட்டும் ஒரு மாதம் பச்சையாகவும் ஒரு மாதம் ஊதாவாகவும் வந்தார். எனக்கு அதில் தலைகால் புரியாத கர்வம்.

அவருக்குச் சாயப்பொடி கலக்குகிற வேலை. வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துணிக்கும் தொட்டியிலிருந்து எடுத்த துணிக்கும் துளி வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாராம். பட்டறையில் கையுறை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் பொடி கரைந்ததா கட்டி தட்டியதா என்று விரலுக்குத் தெரியாது என்று அதை ஆணியில் மாட்டிவிட்டு, முழங்கை வரை வெறுங்கையை விட்டுக் கலக்குவார். பிறகு அதே கையால் சோறு சாப்பிடுவார். யாராவது அதிகாரிகள் வரும் நாட்களில் மட்டும் கையுறை ஆணியிலிருந்து கைக்கு வரும்.

சாய வேலை செய்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. சிறுநீர் சிவந்து போனால், உள்ளே போன சாயம் இறங்குகிறது என்பார்கள். இளநீர் குடி, மோர் குடி, கழுவிக்கொண்டு போய்விடும் என்று ஒருவருக்கொருவர் வைத்தியம் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. தலையணையில் ஊறுகிற நிறம் வேறு வழியாக வராதா என்ன? அம்மாவுக்கு மட்டும் அவர் முகம் வெளிறிக்கொண்டு வருவது பிடிக்கவில்லை. வரும்போதெல்லாம் டாக்டரிடம் காட்டச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடம் பொங்கலுக்கு வந்தபோது அவரே பரிசோதனை நிலையத்துக்குப் போகக் கிளம்பினார். அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. விஷயம் வேறு. பட்டறையில் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், சாயத்தில் நிற்கிற ஒவ்வொருவரும் சிறுநீரைச் சோதித்துச் சீட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். கோளாறு என்று வந்தால் சாயத்தை விட்டு எடுத்து, துணி மடிக்கிற பக்கம் தள்ளிவிடுவார்கள். அங்கே கூலி குறைவு என்பதைவிட, நேற்று வந்த பையன்களோடு உட்கார்ந்து துணி மடிப்பதுதான் அப்பாவுக்குத் தாங்காது. லீவில் ஊருக்குப் போகிறவர்கள் அங்கேயே சோதித்துக்கொண்டு வரலாம் என்று மேனேஜர் தாராளமாகச் சொல்லியிருந்தார்.

செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி அப்பா என்னையும் பக்கத்திலிருந்த பாப்பாரப்பட்டிக்கு அழைத்துப் போனார். மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போனால் அந்த நிலையம். அங்கிருந்த அக்கா அப்பாவின் பெயரையும் வயதையும் எழுதி ஒட்டி ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, பின்பக்கம் இருந்த கழிப்பறையைக் காட்டினாள். அப்பா உள்ளே போனார். நான் வெளியே நின்றேன்.

நான் கதவைத் தள்ளித் திறந்தபோது அவர் டப்பாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பீங்கானில் தண்ணீரோடு சிவப்பு இழை இழையாக ஓடியது.

"அப்பா, செகப்பு!" என்றேன். நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்ற சந்தோஷம் எனக்கு.

"போன வாரம் செகப்பு ஓடுச்சு பாப்பா. மூணு நாளா மோரு குடிக்கறன், இன்னும் எறங்கி முடியல பாரு."

"நகம் நீலமா இருக்குதே?"

அப்பா கையை விரித்து நகங்களைப் பார்த்தார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை மூடவில்லை. "செகப்பு அதுக்கு முந்தின வாரம் ஓடுச்சு" என்று சிரித்தார். விளையாட்டில் அப்பாவையே மடக்கிவிட்டேன் என்று நானும் சிரித்தேன். அவர் அந்த நேரத்தில் என்ன நினைத்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று சில நாள் தோன்றும். தெரிந்திருக்காது என்று சில நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

பிறகு அவர் குனிந்து, டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"பாப்பா, அப்பாவுக்கு ஒரு ஒத்தாசை பண்றியா? இதுல கொஞ்சமா ஒண்ணுக்கு இருந்து குடு. அப்பாவுது சாயம் கலந்து வருது. அதைக் குடுத்தா வேலைய வுட்டு எடுத்துருவாங்க."

"என்னுது எதுக்கு?"

"சின்னப் பிள்ளைங்களுது சுத்தமா இருக்கும். எங்க கம்பெனில எல்லாரும் அப்படித்தான் குடுக்கப் போறாங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லாத."

எனக்கு அது பெரிய பதவி கிடைத்த மாதிரி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். வரவில்லை. எவ்வளவு முக்கியும் ஒரு சொட்டு வரவில்லை. வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினேன். அப்பா என்னைக் கீழே அழைத்துப் போய்க் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். பிறகு இன்னொரு தம்ளர். பிறகு சோடா. வயிறு உப்பி நடக்க முடியாமல் மேலே வந்தோம்.

"இன்னும் ஆவலீங்களா?" என்று அந்த அக்கா கேட்டாள்.

"ஆவுதுங்க, ஆவுதுங்க" என்றார் அப்பா. அவர் நெற்றியெல்லாம் வியர்வை. பரீட்சை எனக்கா அவருக்கா என்று சந்தேகம் வரும்படி இருந்தார்.

மறுபடி உள்ளே போனேன். அப்பா கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல் உஸ்ஸென்று மெல்ல ஓசை எழுப்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அதுவும் வந்தது. கையை நனைத்துக்கொண்டு முக்கால் டப்பா பிடித்துவிட்டேன். அப்பா அதை வாங்கி வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தொட்டியிலிருந்து எடுத்த துணியைப் பார்க்கிற கண்ணோடுதான் பார்த்திருப்பார்.

"தங்கமாட்டம் இருக்குது சாமி" என்றார்.

செருப்பு வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பிப் போனபோது சீட்டு தயாராக இருந்தது. "ஒரு குறையும் இல்லீங்க. சின்னக் கொழந்தையுது மாதிரி சுத்தமா இருக்குது. நல்லாத் தண்ணி குடிப்பீங்க போல" என்றாள் அந்த அக்கா.

"மோரு குடிப்பனுங்க" என்று அப்பா கூச்சத்தோடு சொன்னார். படியிறங்கும்போது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பிறகு பார்க்கவில்லை.

அம்மா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். மூலச் சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நகலைத்தான் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவள் அவரை நச்சரிக்கவில்லை. சாயத்தொட்டியில் நின்ற அத்தனை பேரும் பச்சைப்பிள்ளைகள் போல் ஆரோக்கியமாக இருப்பது கண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு ரொம்பத் திருப்தி என்று அப்பா போனில் சொல்லிச் சிரித்தார்.

ஒன்றரை வருடம் அந்தச் சீட்டு எங்கள் எல்லோரையும் நிம்மதியாக வைத்திருந்தது. ஒருநாள் அப்பா வேலைக்கு நடுவில் ஊருக்கு வந்தார். சிறுநீர் போகவில்லை, போனால் கட்டி கட்டியாக ரத்தம். வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தருமபுரியில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அவர் சாவதற்கு ஆறு மாதம் இருந்தது. அது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

சேலத்தில் வயதான டாக்டர் ஒருவர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, முதலில் என்ன தொழில் என்றுதான் கேட்டார். அம்மா சொன்னாள். அவர் அப்பாவின் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தார். எத்தனை வருடம், கையில் ஏதாவது போட்டுக்கொள்வாரா, பொடி மூக்கில் ஏறுமா, பீடி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"சாயப்பொடி சிலதுல இருக்கிற சரக்கு உடம்புக்குள்ள போனா, வெளிய போறதுக்கு முன்னாடி மூத்திரப்பையிலதாம்மா தங்கும். வருசக்கணக்கா தங்கித் தங்கி அங்கயே புத்துநோய் வந்துரும். இந்த வேலையில இருக்கறவங்களுக்கு மத்தவங்களவிட இது வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். ரத்தம் போறத எப்ப பாத்தீங்க?"

"சாயம் எறங்குதுன்னு நெனச்சமுங்க" என்றாள் அம்மா.

"வந்தது ரத்தம்மா. ஆரம்பத்துலயே ஒரு சாதாரண மூத்திர டெஸ்ட் எடுத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும். அப்பவே உள்ள பார்த்து எடுத்துவுட்டிருக்கலாம்."

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. புருஷனைக் கவனிக்காதவள் என்று சொல்லிவிட்டதுபோல் பையைத் துழாவி, பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த, நாலாக மடித்த அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாள். "எடுத்தமுங்க. நீங்களே பாருங்க. ஒரு குறையும் இல்லீன்னு எழுதிக் குடுத்தாங்க."

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒருமுறை வாசித்துவிட்டுத் தேதியைப் பார்த்தார். "இதுல ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர் புகழ்வதாகத்தான் எனக்குப் பட்டது. ஒன்றரை வருடம் பொத்தி வைத்திருந்த பெருமையை அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அது என்னுதுங்க" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ரகசியத்தைச் சொல்லிவிட்டதால் அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். எப்படியாவது அதைச் சரிக்கட்ட வேண்டுமே என்று பதறி, டாக்டரின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"டப்பா குடுங்க. காலையில இருந்து அடக்கி வெச்சிருக்கறன். இப்பவே குடுத்தர்றன்."

அவர் என் தலையில் கையை வைத்தார். டப்பா மட்டும் தரவில்லை. சுத்தமானது இவ்வளவு இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.