அம்மனுக்கு எரிந்த ஒயர்

ஆவணி பிறந்ததும் குப்பம்மாளின் கிரைண்டருக்குச் சோம்பல் வந்தது. கல் ஒரு சுற்று வருவதற்குள் அதன்மேல் உட்கார்ந்த ஈ ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தது. நம்பாதவர்கள் ஈயையே கேட்டுக்கொள்ளலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கேன்டீனுக்குத் தினமும் முப்பது கிலோ இட்லி மாவு கொடுப்பவள் அவள். மாலை ஐந்துக்கு வண்டி வரும். இரண்டு நாளாக அதற்குள் மாவு அரைத்து முடியவில்லை. கேன்டீனைப் பார்த்துக்கொள்ளும் எட்வர்ட், "இன்னொரு நாள் லேட்டாச்சுன்னா வேற எடம் பாத்துக்குறோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிரைண்டர் முன்பு கூடத்தில், மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும் கணவர் அரசப்பன், சத்தம் பொறுக்காமல் அதைக் கொல்லைக் கோடியிலுள்ள கொட்டகைக்குத் துரத்தினார். ஆடிக் கூழ் திருவிழாவில் சீரியல் செட் விளக்கு கட்டி மிஞ்சிய ஒயரையே கொட்டகைவரை இழுத்துவிட்டார். இருநூறு அடி, ஐந்து ஒட்டு.

"மேலத் தெருவுல எவனோ நம்ம கரண்ட உறிஞ்சிக்கினு கீறான்மே" என்று மின்வாரியத்துக்கு மூன்று மனு எழுதினார். பிறகு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். ஒயர் மேல் படுத்திருந்த பல்லி சூடு தாங்காமல் துள்ளி இறங்கியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் மதியம் குப்பம்மாள் பொறுமையிழந்து, ஊரில் ஒயரிங் வேலை செய்யும் ஏஞ்சலை அழைத்து வந்தாள். ஏஞ்சல் இரண்டு முனையிலும் அளந்து பார்த்தாள்.

"அக்கா, மீட்டராண்ட எரநூத்தி இருவத்தெட்டு வோல்ட்டு. கிரைண்டர் நிக்கும்போது இங்கியும் அதே. ஓடவுட்டா நூத்தி அறுவத்தஞ்சு. மிச்சத்த இந்த நூல் ஒயரும் ஒட்டும் தின்னுடுது."

"அப்ப ஸ்டெபிலைசரு?" என்றார் அரசப்பன்.

"அது இன்னும் ஜாஸ்தி இழுக்கும்ணா. ஒயர் இன்னும் சூடாவும். தடி ஒயரு, ஒட்டே இல்லாம போடணும்."

"அம்மனுக்கு எரிஞ்ச ஒயரும்மா அது. கழட்டக் கூடாது."

"பல்பு எரியத்தான்யா அம்மனுக்குக் கட்னாங்க. மாவரைக்கச் சொல்லி அவளா கேட்டா? பேஜாரு புடிச்ச மனுஷன்!" என்றாள் குப்பம்மாள்.

மணி இரண்டு. பேச நேரமில்லை. இரண்டு பெண்களும் கிரைண்டரைத் தூக்கி வந்து கூடத்தில், அரசப்பனின் கட்டில் தலைமாட்டில் இறக்கினார்கள். சுவிட்சைப் போட்டதும் கல் பேய் பிடித்தாற்போல் சுற்றியது. மாமனார் படம் ஆணியிலேயே ஆடியது. ஐந்து மணிக்கு மாவு வண்டியேறியது. மறுநாளும், அதற்கு மறுநாளும் ஏறியது.

அதற்கும் அடுத்த நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்த அரசப்பனின் தோளில் தடித்த ஒயர்ச் சுருள் ஒன்று இருந்தது. கண்கள் கோவைப்பழம்.

"ஏஞ்சலக் கூப்டு."

"இன்னாய்யா, அம்மன் ஒத்துக்கினாளா?"

"கனவுல வந்து சொன்னா."

"நீதான் மூணு நாளா கண்ணே மூடலியே!" என்றாள் குப்பம்மாள்.