தங்கச்சியிடம் குறி கேட்க வந்தவர்கள்

என் தங்கச்சிக்குப் பிரிஸ்பேனில் கெட்டமின் ஊசி போட்டு மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்பதை நான் ஒரே ஆளிடம்தான் சொன்னேன். அது என் மனைவி. வெள்ளிக்கிழமை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தப்பா மகன் என் தோளில் கை போட்டான். அவன் எங்கள் தீவில் நாந்தி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். உலகத்துச் செய்தியெல்லாம் தன் கையைத் தாண்டித்தான் போகிறது என்று அவனுக்கு நினைப்பு.

"பாய், அது குதிரைக்குப் போடற மருந்து. போன்ல பார்த்தேன்," என்றான். எங்கள் தீவு இந்தியில் அண்ணனைப் பாய் என்பார்கள்.

"மனுசனுக்கும் போடுவாங்க. என் மணிக்கட்டு உடைஞ்சப்போ எலும்பைச் சேர்க்க எனக்கே போட்டாங்க."

"அதான் நீ இப்படி இருக்கே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. ஆறாம் வகுப்போடு கரும்புக்குப் போனவன். எனக்குப் பதில் தோன்றும்போது கேட்டவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

தங்கச்சியின் நோய் எங்கே ஆரம்பித்தது என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. எங்கள் ஜனங்களுக்கு மட்டும் எல்லாம் தெரியும். கண் பட்டது என்றார்கள், நேர்த்திக்கடன் பாக்கி என்றார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மூன்றாவது தடவை ஆட்சியைக் கவிழ்த்த சமயத்தில் லோவுவில் எங்கள் கரும்பு நிலத்தின் லீஸும் முடிந்தது. நிலம் எங்களுடையது இல்லை, வீடு எங்களுடையது. அதனால் பலகை, ஜன்னல், கூரைத் தகரம் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றி சபேட்டோவுக்குக் கொண்டுவந்து மறுபடி கட்டினோம். அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். தங்கச்சியை அந்த வருசமே கட்டிக்கொடுத்துப் பிரிஸ்பேனுக்கு அனுப்பிவிட்டோம். அப்போதெல்லாம் பெண்ணைக் கொடுத்தவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள்.

நல்லவேளையாக மச்சான் நல்லவர். ஆனால் போன சில வருசமாக அவள் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே அபூர்வமாகிவிட்டது. சாப்பிட மாட்டாள். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. ஒருநாள் மச்சானிடம், "காலையில கண்ணு முழிச்சாலே ஏன்டா முழிச்சோம்னு இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அதன் பிறகுதான் இந்த வைத்தியம். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, கண்ணைத் துணியால் மூடி, மெதுவாகப் பாட்டு வைத்து, ஊசி போடுவார்களாம். பக்கத்தில் ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருப்பார். தெளிந்த பிறகு பார்த்ததையெல்லாம் அவரிடம் பேச வேண்டும். குணமாகும் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. சிலருக்குக் கேட்கிறது, பார்ப்போம் என்றுதான் சொன்னார்கள்.

ஊசி போட்ட அன்று அவளைத் தனியாக விடக்கூடாது. மச்சான் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் இருப்பது அவள் மாமியார். அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் என்ன பார்த்தே, எங்களைப் பத்தி என்ன சொன்னே என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் தங்கச்சி என்னைக் கேட்டாள்.

"அண்ணே, போனை ஆன் பண்ணி வச்சிட்டுச் சும்மா இரு. நீதான் ஒண்ணும் கேக்கமாட்டே."

என் வாழ்க்கையில் என் கூச்சத்துக்கு முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்தது.

அங்கே இரண்டு மணி என்றால் இங்கே நான்கு. பின்கட்டில் பலா மரத்தடியில் போனைக் கெட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, நான் கத்தி தீட்டிக்கொண்டிருப்பேன். அவள் தூங்குவாள். நடுவில் ஏதாவது சொல்வாள். "வெளிச்சம் கொட்டுது அண்ணே" என்பாள். "வீட்டுக்கு மேலே வானம் இருக்கு" என்பாள். நான் உம் என்பேன். அவ்வளவுதான்.

அத்தை வராமல் இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. நடபுவாவில் இருக்கிறாள். ஓர் ஊசி நாளில் பஸ் பிடித்துக் கத்தரிக்காய் கொண்டுவந்தவள் தங்கச்சியின் குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். ஏனென்றால் தங்கச்சி தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். தீவில் இந்தியர் எல்லாருக்கும் பொது மொழி இந்தி, எங்கள் வீடுகளிலும் இப்போது எல்லாரும் இந்திதான். அவள் தமிழ் பேசி நானே கேட்டு எத்தனையோ வருசம். எங்கள் கோயில் திருவிழாவில் அருள் வந்தவர்கள்தான் திடீரென்று தமிழில் பேசுவார்கள். அப்போது ஜனங்கள் கற்பூரத்தோடு ஓடிப்போய்க் குறி கேட்பார்கள்.

"டேய், இது ஆத்தாடா," என்றாள் அத்தை.

"ஊசி அத்தை."

"ஊசிக்கு எப்படிடா தமிழ் தெரியும்?"

அம்மா இருந்தவரைக்கும் வீட்டில் தமிழ்தானே பேசினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை போனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை ஊசி போட்ட அன்று வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. தட்டு, தேங்காய், வேப்பிலை, எல்லாம் தயார். சித்தப்பா மகனும் வந்திருந்தான்.

"குதிரை மருந்துன்னு சொன்னியே," என்றேன்.

"குதிரைக்குள்ளயும் சாமி வரும், பாய். எனக்குக் கனடா விசா வருமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

எல்லாரையும் வெளியே போகச் சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டே தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் போன் அத்தையின் கையில் இருந்தது. எதிரே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தங்கச்சி கண் திறந்து பார்த்தபோது அந்தச் சின்னத் திரை முழுக்க முகங்கள்.

"தாயே, லீஸ் புதுப்பிப்பாங்களா?"

"அம்மா, என் மகனுக்கு விசா?"

அவள் அலறினாள். போன் நின்றுவிட்டது.

மறுநாள் மச்சான் கூப்பிட்டார். சத்தத்தைக் கேட்டு மாமியார் ஓடிவந்து, மருமகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாளாம். "இனிமே போகமாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டா. நேத்துலேருந்து சாப்பிடலை. இப்பதான் பாய் கொஞ்சம் தெளிஞ்சு வந்தா," என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது. பஸ் ஏறி நடபுவாவுக்குப் போனேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவ சாமி இல்லை. நோயாளி. நீங்க குறி கேட்டுக் கேட்டு அவ வைத்தியத்தையே விட்டுட்டா. அவ செத்துப்போனா யாருகிட்டே குறி கேப்பீங்க?"

கடைசி வாக்கியம் நான் சொல்லிப் பார்த்ததில் இல்லை. அதுவாக வந்துவிட்டது.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "மூணு புள்ளைங்க, மூணு நாட்டுல. நான் இங்கேயே இருக்கறதா, ஒருத்தன்கிட்டே போறதான்னு எனக்குத் தெரியலை. வேற யாருகிட்டேடா கேப்பேன்?"

"என்கிட்டே கேளுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

அதுவும் சரிதான். ஆனால் அன்று சாயங்காலம் அவளே பிரிஸ்பேனுக்குப் போன் போட்டு, மாமியாரிடம் அரை மணி நேரம் சண்டை பிடித்திருக்கிறாள். என் மருமகளுக்குப் பேயா, உங்க வீட்டுக்குத்தான் பேய் என்று ஆரம்பித்தாளாம். எப்படியோ அது வேலை செய்தது. மச்சானும் கெஞ்சினார். கடைசியில் தங்கச்சி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். அண்ணன் ஆளில்லாத இடத்தில் உட்கார வேண்டும்.

சபேட்டோவில் ஆளில்லாத இடம் எங்கே இருக்கிறது? கரும்புக்கு நடுவே, மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் சின்ன ரயிலின் ட்ராம் லைன் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு அவள் போனில் வந்தாள். கொஞ்சம் தூங்கினாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, லோவு வீட்டுல தகரத்தைக் கழட்டினப்போ நான் உள்ளேயா இருந்தேன்?"

"உள்ளேதான். கட்டிலை விட்டு எறங்கமாட்டேன்னு படுத்துக்கிட்டே. உன் தலைக்கு மேலே இருந்த தகரத்தைக் கடைசியா எடுத்தோம்."

"நெசமா? ஊசியில வர்ற கனவுன்னு நினைச்சேன்."

"நெசம்தான். வெயில் உன் மூஞ்சியில அடிச்சுது. அப்பவும் எந்திரிக்கலை. கட்டிலோட தூக்கி வெளியே வச்சோம்."

அவள் அழ ஆரம்பித்தாள். வீட்டைப் பிரித்த அன்றைக்கு அவள் அழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அழுது முடித்து, "இதை அந்த டாக்டரம்மாகிட்டே சொல்லணும். அடுத்த வாரம் போறப்போ சொல்றேன்," என்றாள்.

அந்த நேரத்தில் கரும்புக்குள் சரசரவென்று சத்தம். குடையைப் பிடித்துக்கொண்டு அத்தை. என் மனைவிதான் இடத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நான் கையை ஆட்டிப் போகச் சொன்னேன். அத்தை போகவில்லை. கொஞ்ச தூரத்தில் தண்டவாளத்திலேயே உட்கார்ந்து, வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவள் சும்மா இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவும் நீடிக்கவில்லை.

"டேய், ஒண்ணே ஒண்ணு. சாப்பிட்டாளான்னு மட்டும் கேளு."

"அத்தை, கேள்வியே கூடாதுன்னு சொல்லித்தானே..."

"கஞ்சி குடிச்சேன் அத்தை," என்றது போன்.