அக்காவின் விஞ்ஞானக் கொப்பி

பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு முந்திய நாள். மத்தியானம் ஆகியும் என் பட்டியலில் நான்கு பாடங்கள் வெட்டப்படாமல் இருந்தன: ஒளி, மின்னோட்டம், அமிலம், எனக்கு ஒருபோதும் விளங்காத அமுக்கம். நான்கும் அக்காவின் கொப்பியில் சுருக்கமாக இருந்தன. கொப்பியைக் காணவில்லை.

அக்கா எனக்கு ஒரு வகுப்பு மேல். முந்தைய வருடம் அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனதும், இதே பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பள்ளிக்கூடத்தை விட்டவள். சமையல், நெல், நான் எல்லாம் அவள் பொறுப்பு.

அலுமாரி, மேசை, குசினி என்று ஒழுங்காகத் தேடிவிட்டு றோட்டுக்கு ஓடினேன். தாரில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தோம். மாடு விரட்ட வேண்டிய அக்காவின் மடியில் கொப்பி. இரண்டு மாடுகள் ஆறுதலாக நெல்லைத் தின்றுகொண்டிருந்தன.

"தா!"

"கத்தாதை. அமுக்கத்திலை ரெண்டு பக்கம் கிடக்கு, முடிச்சிட்டுத் தாறன்."

"நாளைக்குச் சோதினை உனக்கோ எனக்கோ?"

நெல் கிளற வந்த அப்பா மாடுகளைத்தான் முதலில் பார்த்தார்.

"அவளிட்டைக் குடு பிள்ளை. உனக்கு இனி என்னத்துக்கு?"

அப்பா என் பக்கம் நின்றதில் எனக்குப் பெருமை. பறித்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் அமுக்கத்துக்கு நேரம் போதவில்லை.

மறுநாள் பரீட்சை எழுதிவிட்டு நான் வந்ததும் அக்கா வினாத்தாளைக் கேட்டாள்.

"ஏன், இண்டைக்கும் மாட்டுக்கு விருந்தோ?"

கையை நீட்டி வாங்கினாள். அப்பாவின் போனில் ஒரு மணித்தியாலத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, குசினி வாசலில் இருந்து, நான் பேனையால் வட்டமிட்ட விடைகளைக் கணக்கெடுக்காமல் நாற்பது கேள்விக்கும் பென்சிலால் விடை குறித்தாள்.

பின்னேரம் ரீச்சர் சரியான விடைகளை அனுப்பினார். எனக்கு இருபத்தெட்டு. அக்காவுக்கு முப்பத்து நான்கு. அமுக்கத்தில் வந்த மூன்றும் அவளுக்குச் சரி, எனக்குப் பிழை. கொப்பியை ஒளித்து வைத்துப் படித்தவள் என்னை நக்கலடிக்கிறாள் என்று உடம்பெல்லாம் கொதித்தது.

"எனக்கு எத்தினை சரி?" அக்கா கேட்டாள்.

"பாக்கேல்லை."

அழிறப்பரை எடுத்து அவளுடைய குறிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்.

இன்று தண்ணீர்க் குழாய்களின் அமுக்கத்தை அளப்பதுதான் என் வேலை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது அது அப்பாவின் அந்த ஒரு வசனத்தின் மீது, என் அழிறப்பரின் மீது. அக்கா எழுதிய ஒரே பரீட்சையைத்தான் அழித்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.